மூணரையின் பிடி

பன்னிரண்டு நாளாக ஆபீஸ் அலமாரியில் சாக்கு சுற்றிக் கிடந்த ரைஃபிளை அன்று காலை காவலாளியிடமே திருப்பிக் கொடுத்தார்கள்.

"துரு ஏறியிருக்கு. நாலு மணிக்குப் பெரிய அதிகாரி வந்து பாப்பாரு. பளிச்சுனு இருக்கணும்," என்றார் சூப்பர்வைசர்.

காவலாளி அதைத் தோளில் மாட்டிக்கொண்டு அணைக்கட்டை ஒட்டிய பழைய குவார்ட்டர்ஸுக்கு நடந்தான். மனைவி வீட்டில் இல்லை. விடிந்ததும் கரைக்குப் போய்ப் படகுக்காரர்களிடம் விசாரிப்பது அவளுக்கு வழக்கமாகிவிட்டது. போகும்போது பின்கதவைத் தாழ் போடுவதில்லை. காணாமல் போன அவள் தம்பி வந்தால் தட்டிக்கொண்டு நிற்கக் கூடாதாம்.

தம்பி இனி வரமாட்டான் என்று அவளைத் தவிர எல்லோருக்கும் தெரியும். எப்படிப் போனான் என்பது காவலாளி ஒருவனுக்குத்தான் தெரியும். அது அவளுக்குத் தெரிந்துவிட்டால் அன்றோடு இந்த வீடு வீடாக இருக்காது.

மேசையில் செய்தித்தாளை விரித்தான். துப்பாக்கியின் குண்டறையில் குண்டு இல்லை என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டு போல்ட்டைக் கழற்றி வைத்தான். மண்ணெண்ணெய், மெஷின் ஆயில், பழைய பல் பிரஷ், நைசான கம்பி நார், கிழிந்த பனியன். ரைஃபிளின் மரக்கட்டையில் பதித்திருந்த பித்தளை எண் தகட்டின் பச்சைக் களிம்பு பத்துத் தேய்ப்பில் விட்டுப்போனது. போல்ட்டில் இருந்த பழுப்புக் கறையும் மண்ணெண்ணெய் பட்டதும் கரைந்து துணிக்கு வந்தது. இவ்வளவுதானா என்று மூச்சு விட்டான்.

பிறகு குழலின் முனையைத் திருப்பினான்.

முனையை ஒரு கை இறுக்கிப் பிடித்த மாதிரி துரு பூத்திருந்தது. வலது கை. நான்கு விரல்கள் சுற்றி வந்திருந்தன. அவற்றில் மோதிர விரல் மட்டும் பாதியோடு நின்றிருந்தது.

மச்சானின் அந்த விரலை மதகுச் சக்கரம் தின்று ஏழு வருடம். வேலையாட்கள் அவனை 'மூணரை' என்றுதான் கூப்பிடுவார்கள். அவனும் கோபித்துக்கொண்டதே இல்லை. "நான் வணக்கம் வச்சா அதுல அரை விரல் மரியாதை கம்மிதான், பொறுத்துக்கங்க," என்பான்.

காவலாளி குழலைத் தன் பக்கம் இழுத்தான். கம்பி நாரை எண்ணெயில் நனைத்துத் தேய்த்தான். கை வலிக்க வலிக்கத் தேய்த்தான். கறை போனது. ஆனால் துணியைப் பிழிந்தபோது எண்ணெய் வரவில்லை. தண்ணீர் வந்தது. மண்ணெண்ணெய் வாடையை அமுக்கிக்கொண்டு சேற்று வாடை எழுந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினான்.

முனை சுத்தமாக இருந்தது. அதற்கு ஒரு சாண் கீழே இடது கை பிடித்திருந்தது.

அதையும் தேய்த்து எடுத்தான். இன்னும் ஒரு சாண் கீழே மறுபடி வலது கை. பாதி விரல்.

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. இது கறையே இல்லை. கை மாற்றிக் கை மாற்றி ஒருவன் ஏறி வருகிறான்.

பன்னிரண்டு நாளுக்கு முந்திய அந்தச் சாயங்காலம் மதகுப் படியில் வழுக்கி விழுந்த மச்சானுக்குக் காவலாளி நீட்டியது இந்த ரைஃபிளைத்தான். முனையை அவன் எட்டிப் பிடித்தும்விட்டான். "மாமா, விட்டுராதீங்க," என்றான். படியில் பாசி. கட்டை கையிலிருந்து நழுவியது. துப்பாக்கி தண்ணீரில் போனால் வேலை போகும், குவார்ட்டர்ஸ் போகும் என்று ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, காவலாளி நினைத்தான். பாவி, அந்த நேரத்தில் அதைத்தான் நினைத்தான். பலம் கொண்ட மட்டும் உதறி ரைஃபிளைப் பிடுங்கிக்கொண்டான். கேட்டவர்களிடமெல்லாம், தூரத்தில் இருந்தேன், சத்தம் கேட்டுத்தான் ஓடினேன் என்று சொல்லிவிட்டான்.

துடைக்காமல் விட்டால் பார்த்தவர்கள் கேட்பார்கள். துடைத்தால் அவன் ஒரு பிடி மேலே வருவான்.

மணி மூன்று. துடைத்தான்.

மரக்கட்டை தொடங்கும் இடத்தில் இடது கை தெரிந்தது. இனி மரம்தான், மரத்தில் துரு பிடிக்காது என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டு அதையும் துடைத்தான். கொஞ்ச நேரம் எங்கும் ஒன்றும் இல்லை. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

சொட்.

மேசை விளிம்பிலிருந்து தண்ணீர் தரையில் விழுந்தது.

மரத்தைத் தாண்டி, விசைக்கு மேலிருந்த இரும்பில், வலது கை பிடித்திருந்தது. காவலாளி பிடித்திருந்த இடத்துக்கு நாலு விரற்கடைதான் தூரம்.

"இன்னும் முடியலையாங்க?"

மனைவி பின்கதவு வழியாக வந்து நின்றாள். அவன் பனியன் துணியைப் போட்டு மூடினான். அவள் துணியை விலக்கினாள். துரு விரல்களின்மேல் தன் விரல்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். மோதிர விரலில் அவள் கை நின்றது.

"இது தம்பி கை."

"வேலை நேரத்துல எப்பவாவது தொட்டிருப்பான்."

"தொட்ட கை இப்படி இருக்காது. இது உயிரைப் பிடிச்சுக்கிட்ட கை." தன் விரலை முகர்ந்து பார்த்தாள். சேற்று வாடை. "தூரத்துல இருந்தேன்னு சொன்னீங்களே."

பன்னிரண்டு நாள் அடக்கி வைத்தது உடைந்தது. நீட்டியதையும் அவன் பிடித்ததையும் தான் உதறியதையும் அழுதுகொண்டே சொன்னான். அவள் அழவில்லை. மண்ணெண்ணெய்க் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

"வேணாம், தொடைக்காத," என்று அவன் கிசுகிசுத்தான். "தொடைக்கத் தொடைக்க அவன் மேல ஏறி வர்றான். இதுக்கப்புறம் பிடிக்க இரும்பு இல்ல. என் கைதான் இருக்கு."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"வர்றானா?"

துணியை நனைத்தாள். அழுத்தித் துடைத்தாள். துரு முழுவதும் துணிக்கு வந்தது. இரும்பு கண்ணாடியாக மின்னியது.

காவலாளியின் மணிக்கட்டைச் சில்லென்று ஏதோ பற்றியது. இந்தத் தடவை இடது கை. நான்கு விரலும் முழுசாக இருந்தன. இழுத்தான், உதறினான். பிடி விடவில்லை.

தன் பக்கத்தில் யார் நிற்பது என்று பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. அவள் பார்த்தாள். பன்னிரண்டு நாளாக இறுகிக் கிடந்த அவள் முகம் தளர்ந்தது.

"தொப்பலா நனைஞ்சிருக்கான்," என்றாள். "ஒரு துண்டு எடுத்துட்டு வாங்க."