மூன்றாவது கேபிள்

டேட்டா சென்டரின் பதினேழாம் ரேக்கிலிருந்து வந்த காற்றில் ஏதோ சரியில்லை. மற்ற வரிசைகளின் பின்புறம் உலர்ந்த அனல் அடித்தது. இங்கே மட்டும், தூங்குகிறவர் முகத்தருகே குனிந்ததுபோல் ஈரமான வெதுவெதுப்பு, லேசான வியர்வை நெடியோடு.

மின்திட்டப் பொறியாளரான அவளுக்கு அன்று ஒரே வேலைதான். ரேக்கிலுள்ள நெட்வொர்க் ஸ்விட்ச் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மின் லைன். ஒன்று போனால் மற்றது தாங்க வேண்டும். ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்துக் குறித்துக்கொண்டால் நாலு மணிக்குக் கிளம்பிவிடலாம். மகளிடம் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

பதினேழின் முதல் வயரைப் பிடுங்கினாள். ஸ்விட்ச் ஓடியது. நிமிரும்போது முழங்கை பட்டு இரண்டாவதும் கழன்று விழுந்தது. அவளுக்குத் திக்கென்றது. அந்த ஸ்விட்ச்சை நம்பி ஓர் ஆஸ்பத்திரியே இருந்தது.

ஸ்விட்ச் நிற்கவில்லை. விசிறிகளின் இரைச்சல் ஒரு கணம் இறங்கி, மூச்சு வாங்குவதுபோல் மறுபடி ஏறியது.

காலையிலேயே பேட்டரி அறைக்குப் போன எலெக்ட்ரீஷியனை போனில் கூப்பிட்டாள்.

“அண்ணே, ரெண்டு லைனும் கழண்டுருச்சு. ஆனா இன்னும் ஓடுது.”

“சொருகிடும்மா.” கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது குரல்.

“உடம்பு சரியில்லையா? எங்க இருக்கீங்க?”

“முதல்ல சொருகு... முடியல.”

சொருகினாள். போனில் நீண்ட பெருமூச்சு. “இப்ப பரவாயில்ல.”

மண்டியிட்டாள். ரேக்கின் அடியில் டார்ச் அடித்தாள். இரண்டு வயர்களுக்கும் கீழே மூன்றாவதாக ஒன்று. கறுப்பு. அவள் வரைந்த எந்தப் படத்திலும் இல்லாதது. கேபிள்கள் ஓடுவதற்காக உயர்த்திப் போட்ட தரைப் பலகைக்கு அடியில் இறங்கியது. தொட்டாள். சூடு. உள்ளே துடிப்பு. நாடி போல.

பலகையைத் தூக்கினாள். இருட்டு. அடுத்ததை. கேபிள் மட்டும். அதற்கடுத்ததை.

எலெக்ட்ரீஷியன் மல்லாந்து கிடந்தார். கண்கள் திறந்திருந்தன. கேபிள் அவர் சட்டைக் கைக்குள் போயிருந்தது. மணிக்கட்டில் தோல் எங்கே முடிகிறது, ரப்பர் எங்கே தொடங்குகிறது, தெரியவில்லை.

“ஒத்த ஆளால தாங்க முடியலம்மா.”

அவர் உதடு அசையவில்லை. குரல் அவள் போனிலிருந்து வந்தது.

அவர் தோளருகே இன்னொரு கேபிள் சுருண்டு கிடந்தது. சுருள் மெல்லப் பிரிந்தது. முனை தரையைத் தடவியது. நின்றது. பிறகு, அவள் மண்டியிட்டிருந்த பக்கம் திரும்பியது.