காகிதத்தில் இல்லாத பெயர்

மூக்குக்கண்ணாடி தயாராகிவிட்டது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று பெண்டாங்கில் இருக்கும் ஒரு கண்ணாடிக் கடையிலிருந்து பிரேமாவதியின் கைப்பேசிக்குச் செய்தி வந்தது. அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. இன்னும் ஊசியில் நூல் கோக்கும் கண். பெண்டாங் பக்கம் போய் நாலு வருடம் இருக்கும். ஆனால் பெயர் சரியாக இருந்தது, ஐசி என்னும் அடையாள அட்டையின் கடைசி நாலு எண்களும் சரியாக இருந்தன. நான் இல்லை, ஆள் மாறிவிட்டது என்று எழுதி அனுப்பினாள். மறுநாள் மத்தியானம் பதில் வந்தது. காலையிலேயே வந்து வாங்கிக்கொண்டதற்கு நன்றி மேடம், முகத்துக்கு அழகாக இருக்கிறது.

சிரித்துவிட்டுத்தான் அடுப்பைப் பார்க்கப் போனாள். ஆனால் அந்த வாரத்தில் இன்னும் இரண்டு செய்திகள் வந்தன. கேக் செய்யும் வகுப்பை முடித்ததற்கு ஒரு வாழ்த்து. யான் ஊரில் ஒரு கிளினிக்கில் எடுத்த ரத்தப் பரிசோதனையின் முடிவை வாங்கிக்கொள்ள ஒரு நினைவூட்டல். யாரோ அவளுடைய பெயரில் ஊர் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு வெள்ளிக் காசுகூட ஏமாற்றவில்லை, எதையும் திருடிக்கொண்டு ஓடவில்லை. சாதாரணமாக, நிதானமாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

வாடகைக்கார் பிடித்து யானுக்கே போய்விட்டாள். கிளினிக் கவுண்டரில் இருந்த பெண் முகத்தைப் பார்க்காமலே ரேகைக் கருவியை அவள் பக்கம் தள்ளினாள். இந்தப் பாழாய்ப்போன கருவிகளுக்கும் பிரேமாவதிக்கும் என்றைக்குமே ஆகாது. பதினாலு வயதிலிருந்து செமிலிங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி, பாலை உறைய வைக்கும் ஆசிட்டில் கை நனைத்து, கட்டைவிரல் ரேகையே இல்லாமல் வழவழவென்று போயிருந்தது. போன தீபாவளிக்கு மகள் ரூபினி வாசல் கதவுக்குப் போட்டுக் கொடுத்த ரேகைப் பூட்டுகூட அவள் விரலை ஏற்றதில்லை; எண்களை அழுத்தித்தான் உள்ளே வருவாள்.

இங்கேயும் மூன்று முறை சிவப்பு விளக்குதான் எரிந்தது. "போன வாரம் மொத தடவையே பதிஞ்சிருக்கே," என்று திரையைக் காட்டினாள் அந்தப் பெண். பிறகு நிமிர்ந்து பார்த்தாள். திருட வந்தவளைப் பார்க்கும் பார்வை. "மக்சிக் சியாப்பா?"

நீ யார் என்று கேட்கிறாள், மலாயில், பேரன் பேத்தி எடுக்கும் வயதில் இருப்பவளிடம். பிரேமாவதி ஐசியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வீட்டில் அதைவிட மோசம். அவள் கணவன் குணாளன் யானில் நெல் மில்லில் வேலை செய்பவன். அன்று சாயங்காலம் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"யான் பாசார்ல நேத்து என்னா வேல ஒனக்கு?"

"நேத்து நான் வீட்டவிட்டே நகரலங்க."

"எங்க மில்லு பரஞ்சோதி பாத்திருக்கான். பேர் சொல்லிக் கூப்ட்ருக்கான். நின்னு திரும்பிச் சிரிச்சியாம். கண்ணாடி போட்டுக்கிட்டு இருந்தியாம்."

"எனக்கு ஏதுங்க கண்ணாடி?"

"அத நான் கேக்கணும்," என்று சொல்லி, தலையணையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டான். அன்றிலிருந்து பேச்சு இல்லை. அவள் வைத்த சோற்றைச் சுவரைப் பார்த்துத் தின்றான்.

பினாங்கில் வேலை செய்யும் ரூபினியிடம் அழுது தீர்த்தாள். "மா, ஒங்க ஐசிய யாரோ யூஸ் பண்றாங்க. இதுக்குன்னே பாதுகாப்பு சர்விஸ் இருக்கு. ரெண்டு அனுப்பறேன், ஒன்னு எடுத்துக்குங்க. கம்மியா கேக்கறத எடுங்க. கேட்டாங்கன்னு எல்லாத்தயும் கொடுத்துடாதீங்க லா."

கைப்பேசியில் மூன்று இருந்தன. மகள் எண்ணிக்கையில் தவறிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டாள்.

முதலாவது முழுக்க ஆங்கிலம். மின்னஞ்சல் முகவரி மட்டும் கேட்டது. இரண்டாவது மலாயில் இருந்தது. ஐசி எண்ணை வாங்கிக்கொண்டு, மாதம் ஒருமுறை தகவல் சொல்வோம் என்றது. மாதம் ஒருமுறை! அதற்குள் அவள் பாதி போய்விடுவாள். மூன்றாவதை அழுத்திய உடனே கைப்பேசி அடித்தது.

"அக்கா, சாப்ட்டீங்களா?"

பெண் குரல். தோட்டத்துத் தமிழ். பத்து நாளாக அவளை யாரும் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. பிரேமாவதி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அந்தக் குரல் ஐசியின் இரண்டு பக்கத்தையும் கேட்டது, முகத்தை இடப்பக்கம் திருப்பி ஒரு படம், வலப்பக்கம் திருப்பி ஒரு படம், கட்டைவிரல் படம் கேட்டது. கணக்கெழுதும் கிராணி கேட்டாலும் மருந்து கொடுக்கும் டிரெசர் கேட்டாலும் எதற்கு என்று கேட்காமல் நீட்டிப் பழகிய கை அவளுடையது. நிறையக் கேட்பவர் பெரிய ஆள், பெரிய ஆள்தான் காப்பாற்றுவார் என்பது அவள் பிறந்த லயத்தில் எல்லோருக்கும் இருந்த எண்ணம். கொடுத்தாள்.

"ரேகையே தெரிலியேக்கா. பரவால்ல. இருக்கற வரைக்கும் போதும், மிச்சத்த நாங்க போட்டுக்கறோம்."

மறுநாளும் அதே நேரத்துக்கு அழைத்தது. அம்மா பெயர் ராக்காயி. முழங்காலில் பால் வெட்டும் கத்தி பட்ட தழும்பு. விளக்கேற்றும்போது முதலில் எந்தத் திரி. குணாளன் காப்பிக்கு எத்தனை கரண்டிச் சீனி. அவள் சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் எழுதும் சத்தம் எதுவும் கேட்கவில்லை. அவளுடைய சொற்களையே யாரோ உதட்டுக்குள் சொல்லிப் பார்ப்பது போன்ற ஒரு முணுமுணுப்புத்தான் கேட்டது.

செய்திகள் நின்றன. இரண்டு நாள் நிம்மதி. இரண்டாம் நாள் சாயங்காலம் குணாளன் சிரித்த முகத்தோடு வந்தான். "மத்தியானம் மில்லுக்குக் கொண்டாந்தியே கருவாட்டுக் கொழம்பு, நல்லா இருந்துச்சு," என்றான்.

அவள் குழம்பு வைக்கவில்லை. வீட்டை விட்டும் இறங்கவில்லை. ஆனால் அத்தனை நாளைக்குப் பிறகு அவன் பேசிய முதல் நல்ல வார்த்தை அது. "ம்," என்றாள்.

மூன்றாவது அழைப்பு வந்த அன்று, குனோங் ஜெராய் மலையின் தலையை மறைத்துக்கொண்டு மூன்று மணிக்கே மேகம் இறங்கிவிட்டது. மழை தகரத்தில் அடிக்கும் சத்தம், சாக்கடை பொங்கும் வாடை, அணைந்த சாம்பிராணியின் மிச்ச மணம், சாமி மேடையின் சிவப்பு விளக்கு சுவரில் போட்ட நிழல் எல்லாம் சேர்ந்து, பதினெட்டு வருடம் குடியிருந்த வீடு யாருடைய வீடோ போல இருந்தது.

"கடைசியா ஒன்னே ஒன்னுக்கா. எந்தக் காயிதத்துலயும் இல்லாதது. அத வச்சுத்தான் பூட்டுவோம்."

அவளுக்கு அது எது என்று உடனே தெரிந்தது.

அவளுக்கு முன்னால் பிறந்த இரண்டு குழந்தைகளும் பத்து நாள் தங்கவில்லை. மூன்றாவதாக அவள் பிறந்ததும் ராக்காயி அவளை முறத்தில் போட்டு, குப்பைக்குழி ஓரத்தில் வைத்துவிட்டு, யாரோ போட்ட பொருளைப்போலத் திரும்ப எடுத்து வந்தாள். குப்பாயி என்று பெயர் வைத்தாள். பிறப்புப் பத்திரத்துக்குக் கிராணி பிரேமாவதி என்று அழகாக எழுதிக் கொடுத்தார். "ரெண்டு தடவ வந்து ரெண்டு புள்ளயயும் அது கொண்டுபோயிருச்சு," என்பாள் ராக்காயி. "மூனாவது தடவ வந்தப்ப, இங்க புள்ள இல்ல, குப்பதான் கெடக்குன்னு திருப்பி அனுப்பிட்டேன். காயிதத்துல இருக்கற பேரு ஊருக்கு. இந்தப் பேர வெளியாளு யாருக்கும் குடுக்காத." ராக்காயி போய்ச் சேர்ந்து பல வருடம். இப்போது அந்தப் பெயர் தெரிந்தவன் குணாளன் ஒருவன்தான். சந்தோஷமாக இருந்த காலத்தில் அப்படிக் கூப்பிடுவான்.

"அது வேணாமே," என்றாள் பிரேமாவதி.

"அவ நாளைக்கு ஒங்க வீட்டுக்கே வந்து நின்னா, நாந்தான் அதுன்னு எத வச்சுக்கா சொல்வீங்க? அண்ணன் யார நம்புவாரு?"

கருவாட்டுக் குழம்பு ஞாபகம் வந்தது. சொல்லிவிட்டாள்.

பிறகு அந்தக் குரல் மெல்ல, ருசி பார்ப்பது போல அதைச் சொன்னது. "குப்பாயி." இந்தத் தடவை அக்கா என்று சேர்க்கவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மூன்று அழைப்பிலும் எங்கேயோ கேட்ட குரல் என்று நினைத்தது, அவளுடைய குரல்.

"அம்பத்து மூனு வருசம்," என்றது அது. "ராக்காயி நல்லாத்தான் ஏமாத்துனா."

கைப்பேசி கீழே விழுந்தது. எடுத்துப் பார்த்தாள். திரையில் பச்சை. உங்கள் அடையாளம் முழுமையாகப் பாதுகாக்கப்பட்டுவிட்டது. அதன் கீழே சிவப்பில் ஓர் எச்சரிக்கை. வேறொருவர் உங்கள் பெயரில் நடமாடுகிறார். இடம், செமிலிங். அவளுடைய தாமான் குடியிருப்பு. அவளுடைய வீட்டு எண். அடியில் ஒரு படம். அந்த நொடியில் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அவள் முகம்.

வெளியே மோட்டார் சைக்கிள் சத்தம்.

ஜன்னலுக்கு ஓடினாள். குணாளன்தான். மழைச்சட்டை போட்டிருந்தான். பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் அவனுடைய சாப்பாட்டு அடுக்கு. அவள் இறங்கியதும் அவன் தன் கையை அவள் தலைக்கு மேல் குடையாகப் பிடித்தான். எத்தனையோ வருடமாகக் கேட்காத குழைவான குரலில் சொன்னான்.

"குப்பாயி, சீக்கிரம் தொற. நனையுற பாரு."

"ஏங்க!" என்று கத்தினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "ஏங்க, நான் இங்க இருக்கேங்க!"

குணாளன் நிமிர்ந்தான். ஜன்னலைப் பார்த்தான். முகம் வெளிறியது. ஒரு அடி பின்னால் வைத்தான்.

"யாருடி அது? நம்ம வீட்டுக்குள்ள யாரு?"

தன் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தாள். எந்தப் பெயரும் வரவில்லை. நாக்கு அசைந்தது. காற்று வந்தது. அவ்வளவுதான்.

அந்தப் பெண் அவசரப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் ஈரத்தைத் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, ஜன்னலைப் பார்த்துச் சிரித்தாள். பிரேமாவதியின் சிரிப்பு. பிறகு கட்டைவிரலைத் தூக்கினாள். மழையிலும் தெரிந்தது, சுழி சுழியாக, புதிதாகக் கீறிய மரப்பட்டை போல அத்தனை ரேகை.

பூட்டின் மேல் வைத்தாள்.

முதல் தடவையிலேயே திறந்தது.