கிணற்றில் கிடந்த சாட்சி

"நிறுத்து பாய்... என் கிணத்தைக் கெடுத்துட்டு எனக்கே நியாயம் சொல்றியா?"

"இன்னா முதலியாரே, கெடுத்தேன் கெடுத்தேன்னா? எவன் பாத்தான்?"

நந்தகோபாலின் குரல் கௌண்டன்ய நதி வரைக்கும் கேட்டிருக்கும். அஹமது பாஷாவின் குரல் ஆற்றையும் தாண்டியிருக்கும்.

குடியாத்தம். 1956.

நடுவில் ஒரு மதிற்சுவர். இந்தப் பக்கம் நந்தகோபாலின் தறிகள், சாயத்தொட்டி, கிணறு. அந்தப் பக்கம் பாஷாவின் தோல் பதனிடும் ஷாப்பு... அதில் தோல் ஊறப்போடப் புதிதாக வெட்டிய குழிகள்.

குழி வந்ததிலிருந்து கிணற்றுத் தண்ணீர் சரியில்லை, லுங்கியில் சிவப்பு ஏறவே மாட்டேன் என்கிறது என்று நந்தகோபால் கோர்ட்டுக்குப் போயிருந்தார். கோர்ட்டும் ஒரு வக்கீலைக் கமிஷனராகப் போட்டு, நேரில் பார்த்து அறிக்கை கொடு என்று அனுப்பியிருந்தது. அவர் மூக்கில் கைக்குட்டையோடு கிணற்றடியில் நின்றார்.

தெரு மொத்தமும் நின்றது. உலையில் அரிசி போட்டுவிட்டு வந்தவர்கள்கூட அதை மறந்துவிட்டு நின்றார்கள்.

"சண்டையை அப்புறம் வெச்சுக்கோங்க. ஒரு வாளி தண்ணி எடுங்கம்மா," என்றார் கமிஷனர்.

நந்தகோபாலின் மனைவி கமலவேணி வாளியை இறக்கினாள்.

எதிலோ மாட்டியது.

எட்டிப் பார்த்தாள்...

"ஐயோ... பொணம்!"

தண்ணீரில் ஒரு கோணிமூட்டை. அதன் ஓட்டை வழியே கருகருவென்று முடி மிதந்தது.

கூட்டம் நாலடி பின்வாங்கியது. வீட்டுக்குப் போனவர் மட்டும் ஒருவருமில்லை.

அங்கே அதிராமல் நின்றவர் ஒரே ஒருவர். நந்தகோபால்.

ஏனென்றால் மூட்டையைப் போட்டவரே அவர்தான்.

போன வாரம் அவருடைய வக்கீல் சுந்தரமூர்த்தி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"நஷ்டஈடு கேட்டும் கேஸ் போடலாங்க. ஆனா கிணறு போனப்புறம் காசை வாங்கி அதுலயா சாயம் தோய்ப்பீங்க? அதான் தடையுத்தரவு கேட்டிருக்கோம். கேஸ் முடியறவரைக்கும் குழியில தண்ணி விடாதேன்னு இடைக்காலத் தடை. தீர்ப்புல நிரந்தரத் தடை."

"குடுத்துடுவாங்களா சார்?"

"கமிஷனர் கண்ணுல ஏதாவது பட்டா குடுப்பாங்க. ஒண்ணு மட்டும்... பொய்யைக் கலக்காதீங்க. கலந்தா நெஜமும் கூடவே போய்டும்."

நந்தகோபால் முதல் பாதியோடு காதை மூடிக்கொண்டார். ஆம்பூர் போனார். அழுகல் தோலை மூட்டை கட்டினார். வருகிற வழியில் கண்டக்டர் மூட்டையையும் அவரையும் சேர்த்து பஸ் கூரைமேல் ஏற்றிவிட்டது தனிக்கதை.

பாஷா மூட்டையை இழுத்துப் போட்டார். கோணியைக் கிழித்தார்.

சிரித்துவிட்டார்.

"பொணம்தான் சார். ஆட்டோட பொணம்."

"உங்க ஷாப்பிலேர்ந்து விழுந்திருக்கலாமே?" என்றார் கமிஷனர்.

"என் ஷாப்புல ஆடே கெடையாது சார். மாட்டுத் தோல்தான். அதுவும் சுண்ணாம்புல போட்டு, முடியை வழிச்சப்புறம்தான் குழிக்குப் போவும். உள்ள வந்து பாருங்க. ஒரே ஒரு ஆட்டுத் தோல் இருந்தாலும் ஷாப்பை முதலியார் பேருக்கு எழுதி வெச்சுட்றேன்."

நந்தகோபாலுக்கு நூலில் நாற்பதாம் நம்பர் எது, அறுபதாம் நம்பர் எது என்று கண்ணை மூடிக்கொண்டே தெரியும். தோல் என்றால் மட்டும் எல்லாமே தோல் என்று நினைத்துவிட்டார்!

கமலவேணி குனிந்தாள்.

மூட்டையின் வாய் சிவப்பு நூலால் கட்டியிருந்தது. அறுந்த இழையைச் சேர்க்கிற அந்தக் குட்டி முடிச்சு... தறிக்காரன் கை தூக்கத்தில்கூடப் போடுகிற முடிச்சு.

அவள் நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள்.

தெருவில் பாதிப் பேர் தறிக்காரர்கள். அவர்களும் பார்த்தார்கள்.

கிணற்றில் குதித்துவிடலாமா என்று தோன்றியது நந்தகோபாலுக்கு. எட்டிப் பார்த்தார். நாற்றம் தாங்கவில்லை.

"நான்தான் சார்..." குரல் மண்ணுக்குள்ளிருந்து வந்தது.

"சீ," என்றார் கமிஷனர். "வந்ததுக்கு முழுசாப் பாத்துட்டே போறேன். கிணத்தை இறைங்க."

இறைத்தார்கள். தண்ணீர் இறங்கியது. கல் தெரிந்தது.

பாஷாவின் ஷாப்பு இருந்த பக்கம், கல் இடுக்கில்... டீ டிகாக்ஷன் நிறத்தில்... சொட்டுச் சொட்டாய்...

"இது இன்னா பாய்?" என்றார் கமிஷனர்.

பாஷாவின் சிரிப்பு நின்றது.

"பட்டைத் தண்ணி சார். தோல் ஊற வெக்கறது. என் குழிலேர்ந்துதான்..."

நிஜமான சாட்சி அங்கேயே இருந்தது! சும்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தால் நந்தகோபால் ஜெயித்திருப்பார்.

தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

முன்சீப் அவரைக் கூண்டில் நிற்க வைத்துக் காய்ச்சினார். கேஸ் தள்ளுபடி. அன்று சாயங்காலம் பாஷா தெருவுக்கே பிரியாணி போட்டார். தெருவும் வெட்கமில்லாமல் சாப்பிட்டது.

ஏப்பம் அடங்குவதற்குள் கோர்ட் அமீனா சம்மனோடு வந்து நின்றார்.

"அஹமது பாஷா யாரு? உங்க மேல கேஸ். வாதி கமலவேணி."

"இன்னாய்யா பேஜாரு! அதான் தள்ளுபடி ஆயிடிச்சே?"

கமலவேணி வாசலுக்கு வந்தாள்.

"ஆனது அவர் கேஸு பாய். கிணறு எங்கப்பா என் பேருக்கு எழுதிக் குடுத்தது. என் கிணத்துக்கு நான் கேக்கறேன். ஒரு பொய் இல்லாம."

உள்ளே நந்தகோபாலுக்கு உயிர் வந்தது. ஓடி வந்தார்.

"அப்படிப் போடு வேணி!"

அமீனா அவர் பக்கம் திரும்பினார்.

"நந்தகோபால் நீங்கதானா? நீங்க ரெண்டாவது பிரதிவாதி. இங்க கையெழுத்துப் போடுங்க."

"வேணி... என் மேலயுமா?"

"கிணத்துல கண்டதைப் போட்டது பாய் மட்டுமா?"

நிரந்தரத் தடை கிடைத்தது. இரண்டு பேருக்கும் எதிராக.

பாஷா குழிகளை மூடிவிட்டு, ஷாப்பையே பேரணாம்பட்டு ரோட்டுக்கு மாற்றினார். அவர் மகள் குர்ஷித்தின் கல்யாணத்துக்கு முதல் அழைப்பு கமலவேணிக்குத்தான்.

நந்தகோபால் தெருவில் தலைகாட்ட முடியாமல் தம்பி வீட்டுக்குப் பள்ளிகொண்டா போய்விட்டார். தினமும் ரங்கநாதர் கோயிலில் பார்க்கலாம். ஊரில் அத்தனை கோயில் இருக்க இது மட்டும் ஏன் என்று கேட்டால், இங்கேதான் சாமி படுத்திருக்கிறார்... எழுந்து வந்து எதையும் இறைத்துப் பார்க்க மாட்டார் என்கிறார்!