குறட்டை விட்ட மயிலை

சென்னியப்பன் வீட்டு மயிலைக் காளை குறட்டை விடும். தூங்கும்போது அல்ல. பட்டப்பகலில், கண்ணை நன்றாகத் திறந்துகொண்டு, சோளத்தட்டை மென்றுகொண்டே குறட்டை விடும்.

ஒருநாள் மோகனூரிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் வாசலில் நின்று காது கொடுத்துக் கேட்டார். "மாப்பிள்ளை நல்லாத் தூங்கறாராட்ட இருக்குது. எழுப்ப வேண்டாம், நான் அப்புறம் வாரேன்" என்று திரும்பிப் போய்விட்டார். சென்னியப்பனோ அப்போது தோட்டத்தில் வேர்க்க விறுவிறுக்க வேலை செய்துகொண்டிருந்தார்.

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். போகப்போகச் சிரிப்பு நின்றுபோனது. மயிலையின் மூக்கிலிருந்து ரத்தம் கலந்த சளி ஒழுகியது. கவலை இழுக்கும்போது மூச்சு முட்டியது.

கவலை என்பது கிணற்றிலிருந்து மாடுகள் தண்ணீர் இழுக்கும் பெரிய தோல் சால். மயிலையும் இன்னொரு காளையான செவலையும் ஜோடியாக இழுத்தால்தான் மிளகாய்ச் செடிகளுக்குத் தண்ணீர் பாயும். மயிலை பாதியிலேயே நின்று வாயைப் பிளந்தது. சித்திரை வெயிலில் செடிகள் தலையைத் தொங்கப் போட்டன.

சென்னியப்பன் மூக்கணாங்கயிற்றை மாற்றிப் பார்த்தார். மூக்கின் மேல் சூடு போட்டுப் பார்த்தார். மயிலைக்குத் தழும்புதான் மிச்சம்.

"இனிக் கட்டி வெச்சுத் தீனி போட முடியாது கண்ணு. சந்தைத் தரகர்கிட்டச் சொல்லி உடோணும்" என்றார் மகளிடம்.

மகள் சௌந்திரத்துக்குப் பதினொரு வயது. மயிலை கன்றாக இருந்தபோதே அவள் கையால் கஞ்சி குடித்த மாடு.

"சீக்கு மாட்டை யாருங்கப்பா வாங்குவாங்க?" என்று கேட்டாள்.

கேட்டாளே தவிர, பதில் சௌந்திரத்துக்கே தெரியும். சீக்கு மாட்டை அடிமாட்டுக்காரர்கள் மட்டும்தான் வாங்குவார்கள்.

"பக்கத்தூருச் சாவடிக்கு மாட்டு டாக்டர் வர்றாருங்கப்பா. ஊசி போட்டுப் பாக்கலாங்க."

அந்நேரம் பார்த்து அடுத்த வீட்டுப் பெரியசாமி வந்து சேர்ந்தார். "ஊசியா? எங்க மாட்டுக்குப் போட்டு என்னத்தைக் கண்டேன் அம்மிணி! கொஞ்ச நாள் கம்முனு இருந்துச்சு. அப்புறம் பழையபடி கர்ர்ர் கர்ர்ர்னு ஆரம்பிச்சிருச்சு. எல்லாம் வீண்!"

அவர் இழுத்துக் காட்டிய குறட்டையைக் கேட்டு மயிலையே திரும்பிப் பார்த்தது. சென்னியப்பன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

சௌந்திரம் மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து இரண்டு மாடுகளையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டும் ஒரே தீனிதான் தின்கின்றன. ஒரே கொட்டகையில்தான் படுக்கின்றன. ஒரே நுகத்தடியில்தான் பூட்டுகிறார்கள். அப்படியிருக்க, மயிலைக்கு வந்த நோய் செவலைக்கு ஏன் வரவில்லை?

யோசித்து யோசித்துப் பார்த்தாள். ஒரே ஒரு வித்தியாசம்தான் இருந்தது.

செவலைக்கு ஊர்க் குட்டை என்றாலே பயம். கன்றாக இருந்தபோது அங்கே சேற்றில் சிக்கிக்கொண்டது. அன்றிலிருந்து கொன்று போட்டாலும் குட்டையில் கால் வைக்காது. வீட்டுத் தொட்டியில்தான் தண்ணீர் குடிக்கும். மயிலைக்கோ குட்டை என்றால் உயிர். நாள்தோறும் பொழுது சாயும் நேரத்தில் கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு வெளியே வரவே வராது.

சௌந்திரம் ஒரே ஓட்டமாகப் பெரியசாமியிடம் போனாள். "மாமா, ஊசி போட்ட பொறவு உங்க மாட்டை எங்கீங்க குளிப்பாட்டுனீங்க?"

"எங்க குளிப்பாட்டுவாங்க? குட்டையிலதான்."

சௌந்திரத்துக்குச் சுருக்கென்றது. மயிலையைத் தினமும் குட்டைக்கு ஓட்டிப் போனது யார்? அவள்தான். வெயிலுக்கு இதமாக இருக்கட்டும் என்று வைக்கோலால் தேய்த்துத் தேய்த்து, வெகுநேரம் தண்ணீரிலேயே நிற்க விட்டதும் அவள்தான். ஆசை ஆசையாகச் செய்த வேலையே மயிலைக்கு எமனாகிவிட்டதே! சௌந்திரம் விசும்பி விசும்பி அழுதாள். பிறகு பாவாடையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்பாவிடம் போனாள்.

"ஊசி வீணில்லீங்கப்பா. ஊசி போட்டுட்டு மறுபடியும் குட்டையில எறக்குனதுதான் தப்பு. ஆடி நோம்பி வரைக்கும் எனக்கு விடுங்க. ஊசிக்கு நானே ஓட்டிட்டுப் போறேன். கெணத்துத் தண்ணியில நானே குளிப்பாட்டறேன்."

சென்னியப்பன் மகளை உற்றுப் பார்த்தார். "நோம்பி கழிஞ்சும் கொறட்டை விட்டா?"

"அப்ப நீங்க சொல்றபடி கேக்கறனுங்க" என்றாள்.

"செரி, பாரு" என்றார் அவர். ஆடிப் பண்டிகை வரை மயிலைக்குத் தவணை கிடைத்தது.

மாட்டு டாக்டர் சண்முகவேல் சைக்கிளில் வருவார். பின்னால் ஒரு மரப்பெட்டி கட்டியிருக்கும். சௌந்திரம் சாவடிக்கு மயிலையை ஓட்டிப் போய், செவலையின் கதையையும் குட்டையின் கதையையும் மூச்சு விடாமல் சொன்னாள்.

ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்த டாக்டர் அப்படியே நின்றுவிட்டார். "இதெல்லாம் உனக்கு யார் பாப்பா சொன்னது?"

"செவலைங்க" என்றாள் சௌந்திரம்.

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "உன் செவலை சொன்னது சரிதான். மயிலையோட மூக்குல ரத்தக் குழாய்க்குள்ள நூல் மாதிரிச் சின்னப் புழு இருக்கு. குட்டையில நத்தை இருக்கில்ல? இந்தப் புழுவோட குஞ்சு அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாம வளர்ந்து, தண்ணியில நீந்தி, மாட்டுத் தோல் வழியா உள்ளே போயிடும். சீக்கு மாடு தண்ணியில சளியைச் சிந்தினா, அதுல இருக்கிற முட்டை பொரிச்சு மறுபடி நத்தைக்குள்ள போகும். உள்ளே இருக்கிற புழுவை இந்த ஊசி கொல்லும். புதுசா உள்ளே போகாம நீதான் பாத்துக்கணும்."

"நான் பாத்துக்கறனுங்க" என்றாள் சௌந்திரம்.

சொல்வது சுலபம். மயிலைக்கு இதெல்லாம் புரிய வேண்டுமே! பொழுது சாய்ந்ததும் அது குட்டைப் பக்கம் இழுத்தது. சௌந்திரம் வீட்டுப் பக்கம் இழுத்தாள். கயிறு பட்டு உள்ளங்கை சிவந்து போனது. வேப்பமரத்தில் அதைக் கட்டிவிட்டு, கிணற்றுப் படிகளில் இறங்கிக் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள்.

"ஏஞ்சாமி, மாட்டைக் குளிப்பாட்டறயா, நீ குளிக்கறயா?" என்றாள் அம்மா குப்பாயி. இரண்டும்தான் நடந்தது. ஊற்றுகிற தண்ணீரில் பாதி சௌந்திரத்தின் மேல்தான்.

ஒருநாள் மயிலை முடிச்சை அவிழ்த்துக்கொண்டு ஓடியது. நேராகக் குட்டைக்கு! சௌந்திரம் சோளக்காட்டுக்குள் குறுக்கே பாய்ந்து ஓடினாள். மூச்சிரைக்கக் கரையில் போய் நின்று இரண்டு கைகளையும் விரித்தாள்.

மயிலை அவளுக்கு எதிரே வந்து நின்றது. பெரிய கொம்புகள், பெரிய திமில். ஒரு முட்டு முட்டினால் சௌந்திரம் தண்ணீருக்குள் போய் விழுவாள். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் நகரவில்லை.

"உட மாட்டேன். நீ இதுல எறங்குனா அப்புறம் சந்தைக்குத்தான் போகோணும். போறயா? சொல்லு, போறயா?" என்று கத்தினாள். கத்தும்போதே அழுகை வந்துவிட்டது.

மயிலை அவள் கன்னத்தை மோந்து பார்த்தது. சொரசொரப்பான நாக்கால் ஒரு நக்கு நக்கியது. சௌந்திரம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அன்றைக்குக் கூடுதலாக இரண்டு குடம் ஊற்றினாள்.

ஒருநாள் விட்டு ஒருநாள் ஊசி தொடர்ந்தது. ஒழுகிய சளி மெல்ல மெல்ல நின்றது. ஒரு காலையில் சென்னியப்பன் கவலை ஓட்டும்போது மயிலை எங்கும் நிற்காமல் இழுத்தது. சால் நிறையத் தண்ணீர் வந்து வாய்க்காலில் கொட்டியது. அவர் அதன் முதுகில் தட்டிக் கொடுத்தார். அன்று மாலை, கிணற்றடியில் அவள் எடுக்கும் முன்பே குடங்கள் நிரம்பி இருந்தன.

ஆடி நோம்பி முடிந்தது. சென்னியப்பன் முன்பு சொல்லி வைத்திருந்தபடி சந்தைத் தரகர் வந்தார். கொட்டகையில் மயிலையும் செவலையும் பக்கத்தில் பக்கத்தில் நின்று அமைதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தன. தரகர் ஒன்றின் மூக்கருகே காதை வைத்தார். பிறகு மற்றதன் மூக்கருகே வைத்தார். மறுபடியும் முதல் மாட்டிடம் வந்தார்.

"ஏனுங்க, கொறட்டை உடற மாடு எதுங்க?" என்று தலையைச் சொறிந்தார்.

"எனக்குத் தெரியாதுங்க. இவளைக் கேளுங்க" என்றார் சென்னியப்பன்.

சௌந்திரம் மயிலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"கொறட்டை போயிருச்சுங்க. மாடு இங்கயேதான் இருக்கும்."