கூடையில் மிஞ்சிய செருப்பு

காலைப் படகில் போய் வந்தவர்கள் எல்லாரும் அவரவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். கூடையில் ஒரு ஜோடி மட்டும் மிச்சம் இருந்தது.

வெர்னெல் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கப்பலில் வருகிறவர்கள் எதையும் மறப்பார்கள். தொப்பி, கண்ணாடி, பல்செட், ஒருமுறை ஒரு ஆள் சொந்த மாமியாரையே துறைமுகக் கழிப்பறையில் மறந்துவிட்டுப் போனான். படகுக்குள் மணல் வரக்கூடாது என்பதால் ஏறும்போதே செருப்பைக் கழற்றிக் கூடையில் போடச் சொல்வது இந்தத் துறையில் எல்லாப் படகுக்காரர்களுக்கும் வழக்கம். திரும்பி வந்து கூடை காலியானால் அந்தப் பயணம் முடிந்தது. மறந்த சாமான் பெட்டியில் போடலாம் என்று குனிந்தவளின் கை பாதியில் நின்றது.

பழுப்புத் தோல் வார். பெரிய ஆண் பாதம். இடது குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. வலது வாரில் யாரோ நீல நூலால் தையல் போட்டிருந்தார்கள். காலையிலிருந்து மண்டையைப் பிளக்கும் வெயில், ஆனால் அந்தச் செருப்பு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

மூன்று வாரத்துக்கு முன் அவளே இதைக் குப்பைத் தொட்டியில் வீசியிருந்தாள்.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்று கேட்டுக்கொண்டே தங்கை லூசினா வந்தாள். வாயில் பொரித்த ரொட்டி, கையில் இன்னொன்று. தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. "கம்பெனிக்காரி பார்த்துட்டே இருக்கா. பல்லையாவது காட்டு."

"காட்டுறேன். நீ முதல்ல வாயில இருக்கிறதை முழுங்கு."

கம்பெனிக்காரி குடை நிழலில் ஒரு அட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கப்பல் தன் பயணிகளுக்குக் கொடுக்கும் பட்டியலில் இவர்கள் படகைச் சேர்க்கலாமா என்று பார்க்க வந்தவள். அந்தப் பட்டியலில் ஏறிவிட்டால் போதும், தொண்டை கிழியக் கூவி ஆள் பிடிக்க வேண்டியதில்லை. பதினொரு வருடமாகக் கூவுகிறாள் வெர்னெல். நாலாயிரம் பேரைக் கொண்டுவந்து கொட்டி, ஆறு மணி நேரத்தில் திரும்ப அள்ளிக்கொண்டு போகிற கப்பலுக்கு இந்தத் தீவு ஒரு கால்மிதியடி. அந்த மிதியடியின் ஓரத்தில் நின்று கெஞ்சுவது அவளுக்குக் கசந்துபோயிருந்தது.

அந்தச் செருப்புக்காரனும் மூன்று வாரத்துக்கு முன் இப்படி ஒரு வியாழக்கிழமைதான் வந்தான். தனியாக வந்தான். அவளுடைய விளம்பரப் பலகை முன் வெகுநேரம் நின்று, கடலில் முகமூடி மாட்டி மீன் பார்க்கும் மூன்று பயணத்தில் எதில் போவது என்று தெரியாமல் குழம்பினான். பக்கத்துக் குடாவா, மூழ்கிய தோணியா, தூரத்துப் பவளத்திட்டா? கடைசியில் கேட்டான்: "உங்க வீட்டு ஆளா இருந்தா எதுல அனுப்புவீங்க?"

பவளத்திட்டுக்குப் போகும் படகில் ஒரு இடம் காலியாக இருந்தது. "என் தங்கச்சியே தினமும் அந்த போட்டுலதான் போறா, டூடூ. தண்ணியில முதல்ல இறங்குறவளும் அவதான், கடைசியா ஏறுறவளும் அவதான். நாங்க யாரையும் விட்டுட்டு வந்ததே இல்ல" என்றாள் வெர்னெல். செல்லமாக 'டூடூ' என்று சேர்த்து ஆயிரம் பேரிடம் சொன்ன வார்த்தைதான்.

படகு திரும்பியது. படகை ஓட்டும் கணவன் கஸ்பார் வழக்கம்போல மிதவை ஜாக்கெட்டுகளை எண்ணினான். மாட்ட இருபத்திரண்டு கொக்கி, இருபத்திரண்டு ஜாக்கெட், கணக்கு சரி. அந்த ஆள் ஜாக்கெட்டைக் கழற்றிப் படகில் போட்டுவிட்டு, இன்னொரு முறை பார்க்கலாம் என்று தண்ணீருக்குள் போயிருப்பான். அது வெர்னெல் பின்னால் ஊகித்தது. அன்றைக்கே லூசினா வந்து, "எனக்கென்னமோ ஒரு தலை குறையுற மாதிரியே இருக்குக்கா" என்றாள். "கொக்கியெல்லாம் நிறைஞ்சிருக்கில்ல? அடுத்த ஆளுங்களை ஏத்து" என்று வெர்னெல் அவள் வாயை அடைத்தாள்.

பத்து நிமிடம் கழித்துக் கூடையைப் பார்த்தாள். பழுப்புச் செருப்பு. நாற்பது நிமிடத்தில் பவளத்திட்டுக்குப் போய்விடலாம். ஆனால் ஆளை விட்டுவிட்டு வந்த படகு என்று பெயர் வந்தால் கம்பெனிக்காரி வரவே மாட்டாள். வெறுங்காலோடு போயிருப்பான், இந்தக் கப்பல் ஆட்களை நம்ப முடியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு செருப்பைப் பைக்குள் திணித்துக் கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் வீசினாள். தன் பட்டியலில் உள்ள படகில் போனவர்களுக்காகக் கப்பல் காத்திருக்கும். வேறு படகைத் தேர்ந்தெடுத்தவனுக்காக ஒரு நிமிடம்கூட நிற்காது. அன்றும் நிற்கவில்லை. இரண்டு நாள் கழித்துப் போலீஸ்காரர் வந்து கேட்டபோது, "எல்லாரும் திரும்பிட்டாங்களே சார்" என்றாள்.

இப்போது அதே செருப்பை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போய்ச் சுங்கக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த பெரிய தொட்டிக்குள் எறிந்தாள். அழுகிய அன்னாசித் தோலின் மேல் அது விழுந்ததைக் கண்ணால் பார்த்தாள். மூடியை இறக்கினாள். விரலில் கடல்பாசி வாடை ஒட்டிக்கொண்டது. எலுமிச்சை தேய்த்தும் போகவில்லை.

திரும்பி வரும்போது மதியப் படகில் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். லூசினா தன் மஞ்சள் செருப்பைக் கழற்றிக் குவியலின் மேல் எறிந்தாள்.

"லூசி, இன்னிக்கு நீ போகாதே."

"ஏன்?"

ஏன் என்று சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். கம்பெனிக்காரி தலை நிமிர்ந்து இருவரையும் பார்த்தாள்.

"சும்மா... மழை வர்ற மாதிரி இருக்கு."

"மழைன்னா தண்ணிதானேக்கா. நான் எங்க இறங்கப் போறேன், அடுப்புலயா?" லூசினா சிரித்துக்கொண்டே படகில் தாவினாள். "கஸ்பார் மாமா, உங்க பொண்டாட்டிக்கு இன்னிக்கு என்மேல பாசம் பொங்குது!"

படகு போனது. இந்தத் தடவை தலையை எண்ணச் சொல்லியிருந்தாள் கம்பெனிக்காரி. இருபத்திரண்டு பயணிகள், லூசினா ஒன்று, ஆக இருபத்துமூன்று என்று கஸ்பார் உரக்க எண்ணிவிட்டுத்தான் கிளம்பினான்.

வெர்னெல் கூடையை நிழலுக்கு இழுத்தாள். அது கனத்தது. அடியிலிருந்து தண்ணீர் கசிந்து பலகையில் ஓடியது. மஞ்சள் செருப்பை நகர்த்தினாள்.

கீழே பழுப்பு வார். நீலத் தையல்.

கத்த வேண்டும்போல் இருந்தது. ரேடியோ கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எடுத்து, கஸ்பார், திரும்பி வா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் அதை எடுத்தும்விட்டாள். "ஏதாவது பிரச்சினையா?" என்று கம்பெனிக்காரி பேனாவைத் திறந்தாள். வெர்னெல் ரேடியோவை வைத்துவிட்டாள். "இல்லம்மா. சும்மா துடைக்கலாம்னு."

மழை வந்தது. கப்பலின் வெள்ளை உடம்பு மறைய, எதிரே மலை மறைய, தகரக் கூரை மேல் சத்தம் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்குள் யாரோ தண்ணீரில் கையை அடிப்பதுபோல், நிறுத்தி நிறுத்தி, தூரத்தில், களைத்துக் களைத்து அடிப்பதுபோல் அவளுக்கு மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. வெயில் மறுபடி அடித்தது. பலகைகள் ஆவி விட்டுக் காய்ந்தன.

மூன்று மணிக்குப் படகு திரும்பியது. ஈரத் துண்டைத் தலையில் போர்த்திக்கொண்டு ஒவ்வொருவராக இறங்கினார்கள். கம்பெனிக்காரி அட்டையில் கோடு போட்டாள். வெர்னெல் கூடையை மட்டும் பார்த்தாள். ஒவ்வொரு ஜோடியாகக் குறைந்தது. குழந்தைச் செருப்பு. சிவப்புச் செருப்பு. ரப்பர் செருப்பு. அப்புறம் ஒரு கை கூடைக்குள் வந்தது. வெளுத்து, ஊறி, விரல் நுனியெல்லாம் சுருங்கிய கை. பழுப்புச் செருப்பை எடுத்தது.

அவள் நிமிரவில்லை. நிமிர முடியவில்லை. பாசி வாடை அவளைத் தாண்டிப் போனது. இடது குதிகால் ஒரு பக்கமாகச் சாய, அந்தச் செருப்பு கப்பலில் ஏறும் வரிசையை நோக்கி நடந்தது. கூட்டத்தில் கலந்தது.

"இருபத்துமூணு போச்சு, இருபத்துமூணு வந்துடுச்சு" என்று கம்பெனிக்காரி புன்னகையோடு அட்டையை நீட்டினாள். "வாழ்த்துகள். அடுத்த சீசன்லேர்ந்து நீங்க எங்க பட்டியல்ல இருக்கீங்க. இங்க ஒரு கையெழுத்து."

கூடையில் மஞ்சள் செருப்பு கிடந்தது.

"கஸ்பார். லூசி எங்க?"

"பின்னாடிதான் உக்காந்திருந்தா. மழை பாரு, துண்டைப் போர்த்திட்டு ஒரு வார்த்தை பேசல." அவன் படகைத் திரும்பிப் பார்த்தான். காலிப் பலகை. முகம் மாறியது. "நான் எண்ணினேன் வெர்னெல். தலையைத்தான் எண்ணினேன். சரியா இருந்துச்சு."

"திருப்பு! போட்டைத் திருப்பு!"

மூன்று வாரமாகத் தொண்டையில் சிக்கியிருந்த வார்த்தை அது. இப்போது வந்தது. கஸ்பார் கயிற்றை அறுக்காத குறையாக அவிழ்த்துக்கொண்டு பாய்ந்தான். கம்பெனிக்காரி யாரையோ அழைக்க ஓடினாள். கப்பல் ஊதியது.

வெர்னெல் மஞ்சள் செருப்பை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அது காய்ந்து, வெதுவெதுப்பாக இருந்தது. நாற்பது நிமிடம். போய்ச் சேர நாற்பது நிமிடம்.

துறை வெறிச்சோடியது. காய்ந்த பலகையின் கடலோர நுனியில் சொத்தென்று ஒரு சத்தம் கேட்டது.

ஈரக் காலடி ஒன்று. சின்னது. பெண் பாதம்.

பக்கத்தில் இன்னொன்று.

யாரும் இல்லை. காலடி மட்டும் வந்தது. ஒன்று. பிறகு ஒன்று. அவசரமில்லாமல், தினமும் வருகிற வழியில், நேராகக் கூடைக்கு வந்தது. கூடையின் முன் நின்றது. பலகையில் தண்ணீர் தேங்கியது.

கூடை காலி.

அந்த இரண்டு பாதங்களும் மெல்ல அவள் பக்கம் திரும்பின.