உள்ளே போன மூச்சு

ரப்பரைப் பிடித்து இழுத்தபோது ஆட்டு நுரையீரல் அசையவே இல்லை. சலித்துப்போய்க் கையை எடுத்துவிட்டு, சுசீலாபாய் சேலைத் தலைப்பால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் அது லேசாக ஒருமுறை உப்பி அடங்கியது. காற்றாக இருக்கும் என்று நினைத்தாள். ஜன்னல்கள் திறந்துதான் கிடந்தன.

அதற்குமேல் யோசிக்க அவளுக்குப் பொறுமை இல்லை. பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து அந்தக் கண்ணாடி மணிஜாடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஜாடியின் மேல்வாய்த் தக்கையில் ஒரு கண்ணாடிக் குழாய். அதன் கீழ் நுனியில் மூச்சுக்குழலோடு சேர்த்துக் கட்டித் தொங்கவிட்ட நுரையீரல். ஜாடியின் அடியில் இழுத்துக் கட்டிய ரப்பர். ஜாடிதான் நெஞ்சுக்கூடு, ரப்பர்தான் உதரவிதானம். ரப்பரைக் கீழே இழுத்தால் உள்ளே இடம் பெருகும், குழாய் வழியாகக் காற்று இறங்கி நுரையீரலை நிரப்பும். விட்டால் காற்று வெளியேறும். புத்தகத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. இங்கே எங்கேயோ ஓட்டை.

நாளைக்கு இன்ஸ்பெக்ட்ரஸ் வருகிறாள். திருவனந்தபுரம் வந்த நாள் முதலாக 'ஆக்டிங் டீச்சர்' என்ற வாலோடு அலைகிறவளுக்கு இந்த ஒரு வகுப்புதான் வேலையை நிலைக்க வைக்கும். சொதப்பினால் சயன்ஸுக்கு ஓர் ஆண் வாத்தியாரைப் போட்டுவிடுவோம் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் சிரித்த முகமாகவே சொல்லிவிட்டாள். நாகர்கோவிலுக்குத் திரும்பிப் போய் அண்ணியின் அடுக்களையில் நிற்பதை நினைத்தாலே சுசீலாபாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாலைக் கடைத்தெருக் கசாப்புக்காரன் முதலில் கொடுத்தவை கத்தி பட்டுக் கிழிந்தவை. சண்டை போட்டு, ஊதிப் பார்த்து வாங்கியது இது. அப்படியானால் ஓட்டை ஜாடி விளிம்பில்தான். மெழுகு உருக்கி அடைக்கலாமென்று ஸ்பிரிட் விளக்கை ஏற்றினால், மழைக்காற்று வந்து வந்து அணைத்தது.

"சே! ஒனக்கும் எம்மேலதானா கோவம்?" என்று ஜன்னல்களை அறைந்து சாத்தினாள். இடுக்குகளில் பழந்துணியைத் திணித்தாள். கதவடியில் சாக்கைச் சுருட்டி வைத்து மிதித்தாள். சாவித்துவாரத்தைத் தவிர அந்த அறைக்குள் காற்று நுழைய வேறு வழியே இல்லாமல் போயிற்று.

"டீச்சரே, இருட்டிப்போச்சு. பூட்டட்டா?" வெளியே பியூன் தங்கையன்.

"இப்பம் வாறேன் அண்ணே. இந்தச் சனியன் ஒருக்கா மூச்சு விட்டாப் போதும்."

"அப்பம் நான் மத்த ரூமெல்லாம் பூட்டிட்டு வாறேன்."

விளிம்பு முழுக்க மெழுகு வார்த்தாள். இழுத்தாள். ஒன்றுமில்லை. ஆத்திரத்தோடு இழுத்தாள். ரப்பர் கிழிந்தது. பள்ளிக்கூடத்தில் வேறு ரப்பர் கிடையாது. வேலை போயிற்று. நுரையீரலை அவிழ்த்து எனாமல் தட்டில் வீசிவிட்டு, மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதாள்.

ஓட்டில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அணைந்த திரியின் புகையும் மெழுகு மணமும் பச்சை மாமிச வாடையும் அடைபட்ட அறையில் குழைந்து கிடக்க, அவற்றுக்கு நடுவே சாவித்துவாரம் வழியாக நீளமான ஒரு சீழ்க்கை உள்ளே வந்தது. சுசீலாபாய் நிமிர்ந்தாள். தட்டில் கிடந்த நுரையீரல் மெல்ல உப்பியது. பிறகு சுருங்கியது. சீழ்க்கை வெளியே போனது.

நுரையீரலுக்குத் தானாக விரியச் சதை கிடையாது. பிள்ளைகளிடம் அவளே தொண்டை வற்றச் சொன்னதுதான். சுற்றியிருக்கும் கூடு விரிந்தால்தான் அது நிறையும். ஜாடியைத்தான் கழற்றியாயிற்றே. அப்படியானால் விரிவது எது?

மறுபடி சீழ்க்கை. நுரையீரல் உப்பியது. அவள் நெஞ்சும் உப்பியது. அவள் மூச்சை இழுக்கவில்லை.

சுவர்கள் விலகின. ஜன்னல் கண்ணாடிகள் வெளிப்புறமாக வளைந்தன. காலடியில் தரை மெத்தென்று இறங்கியது, அடியிலிருந்து யாரோ பிடித்து நிதானமாக இழுப்பதுபோல.

தரை மேலே வந்தது. அவள் மூச்சு தானாக வெளியே போனது.

கதவுக்கு ஓடினாள். தள்ளினாள். உள்ளே உறிஞ்சிப் பிடித்ததுபோல் கதவு அசையவில்லை. தரை மறுபடி இறங்கியது. கால் வழுக்கி, மேஜையோடு சேர்ந்து நடுப்பள்ளத்துக்குச் சரிந்தாள். இன்னும் கீழே. இன்னும். கதவின் நிலைப்படி தலைக்கு மேலே போயிற்று.

நின்றது.

மேலே வரவில்லை.

"டீச்சரே? உள்ள இருக்கியளா?" தங்கையன் கதவை இழுத்துப் பார்த்தான். வரவில்லை.

இருக்கிறேன் என்று கத்த வாயைத் திறந்தாள். சத்தம் வர வேண்டுமானால் மூச்சு வெளியே போக வேண்டும். போகவில்லை. கை கதவுக்கு எட்டவில்லை.

"மழைக்குக் கதவு இறுகிட்டு. வெளக்கும் இல்ல, போயாச்சு போல. ஒரு வார்த்த சொல்லிட்டுப் போனா என்னவாம்?" என்று அவன் முணுமுணுத்தான். சாவி திரும்பியது. காலடிச் சத்தம் மழையில் கரைந்தது.

தட்டில் நுரையீரல் உருண்டு திரண்டு, மினுமினுத்து, அடங்காமல் நின்றது. அதன் எதிரே சுசீலாபாய், நெஞ்சு நிறைந்த மூச்சோடு, வாயைத் திறந்தபடி நின்றாள். தரையைக் கீழே பிடித்திருந்த கை இன்னும் விடவில்லை.