செண்பகவல்லிக்கு முகவரி இல்லை

முதலில் கேமராதான் திறக்க மாட்டேன் என்றது. கழக்கூட்டத்து ஆபீஸ் கண்ணாடிக்கு அப்பால் மழை ஈரச் சேலையாகத் தொங்க, ஏசியின் பாசி வாடைக்கும் யாரோ மறந்து வைத்த காபியின் புளித்த மணத்துக்கும் நடுவே, வெயில் இருக்க வேண்டிய மத்தியானத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு, பொன்செல்வி மகளின் பெயரைத் தட்டினாள். அப்படி ஒரு பெயர் இல்லை என்றது திரை.

அவள் வேலையே அதுதான், பாருங்கள். மனுஷர் பெயரைத் தட்டுவார்கள். மெஷினுக்கோ எண்தான் முகவரி. இந்தப் பெயருக்கு இந்த எண் என்று நடுவிலிருந்து சொல்லிக்கொடுக்கும் சர்வர்களை அவள் மேய்க்கிறாள். கரமனை வீட்டில் தொட்டிலுக்கு மேல் மாட்டிய கேமராவுக்கும் ஆபீஸ் சர்வரிலேயே திருட்டுத்தனமாகப் பெயர் வைத்திருந்தாள். கைக்குழந்தையின் பெயர்தான், செண்பகவல்லி.

"ஜினு, என் பேரு ஒண்ணைக் காணலையே?"

வெள்ளிக்கிழமைதோறும் சர்வரைச் சுத்தம் பண்ணும் பக்கத்து மேசைக்காரன் திரும்பினான். "இன்னிக்கு வெள்ளியாழ்ச்சை அல்லே சேச்சி. ஆளில்லாத பேரெல்லாம் களைஞ்சாச்சு."

"ஆளில்லாததா? அது எம்பிள்ளை பேருடே!"

"சேச்சிக்கு ஏது பிள்ளை?"

போன மாதம் அந்தப் பிள்ளையின் சோறூட்டுப் பாயசத்தை வழித்துக் குடித்தவன் அவன். கிண்டல் என்றே நினைத்தாள். பெயரை மறுபடி பதிந்தாள். பதிவு ஏறியது. கேட்டால், இல்லை.

இல்லைதான் வரும். கேட்டுத் தெரிந்த பதிலை மெஷின்கள் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும்; எவ்வளவு நேரம் என்று பதிகிறவள்தான் சொல்ல வேண்டும். வீட்டு எண் அடிக்கடி மாறுமே என்று, கிடைத்த முகவரியை ஒரே நிமிஷத்தில் மறக்கச் சொல்லியிருந்தாள். இல்லை என்ற பதிலும் அப்படித்தான் நினைவில் தங்கும். அதற்குக் கெடுவைக் குறைக்க அவள் மெனக்கெடவில்லை. அது நாள்கணக்கில் தங்கும்.

வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பத்மஜா மாமிக்குப் போன் போட்டாள்.

"மாமி, பாப்பா தூங்கிட்டாளா?"

மறுமுனையில் மழை. மழைக்குள் தொட்டில் கயிற்றின் கிறீச்.

"ஏது பாப்பாடீ? நான் ஒண்டியாத்தானே இருக்கேன்."

"தொட்டில் ஆடுற சத்தம் கேக்குதே மாமி!"

"ஆடறது. எதுக்குன்னு தெரியாம நானும் ஆட்டிண்டே இருக்கேன்."

கயிற்றுச் சத்தம் நின்றது.

சாலை பஜாரில் கடை வைத்திருக்கும் கணவன் அழகியநம்பி, அவள் போனில் கத்தியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டான். "செல்வி, அழாத. பிள்ளை இல்லன்னா என்ன? எனக்கு நீ இருக்கேல்லா."

அவன் குரலில் இருந்த பரிவைத் தாங்காமல் அழைப்பைத் துண்டித்தாள்.

போனில் போட்டோக்களைத் திறந்தாள். அவள் இருந்தாள். கைகள் எதையோ ஏந்தி வளைந்திருந்தன. ஏந்திய இடத்தில் வெறும் சுவர்.

அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொருவராக மறந்தாயிற்று. இன்னும் மறக்காதது ஒன்றுதான் பாக்கி.

அவள்.

"செண்பகவல்லி!" ஆபீஸே திரும்பிப் பார்த்தது. வாய் ஓய்ந்தால் போய்விடும். சொல்லிக்கொண்டே ஓடினாள். செண்பகவல்லி. படிக்கட்டு. செண்பகவல்லி. வாசல். மழை. செண்பகம். ரோட்டில் முட்டளவு தண்ணீர். ஆட்டோ எதுவும் நிற்கவில்லை. செண்ப. கடவுளே, செண்ப. கையை விரித்துக் குறுக்கே பாய்ந்தாள்.

ஒன்று நின்றது.

"எங்க போகணும் சேச்சி?"

வாய் திறந்தது. உதடு விரிந்து, நாக்கு பல்லைத் தொட வந்து, அங்கேயே நின்றது. எங்கே? எதற்கு இறங்கி வந்தோம்? ஆட்டோக்காரர் கொஞ்சம் பார்த்தார். போய்விட்டார்.

மழை குளிர்ந்து பெய்தது. ஆனால் மார்பில் மட்டும் வெதுவெதுப்பு. குனிந்து பார்த்தாள். சுடிதாரை நனைத்துக்கொண்டு, நிற்காமல், சொட்டுச் சொட்டாய், பால்.

யாருக்கு என்று அவளுக்குத் தெரியவில்லை.